முகில்வண்ணனுக்குக் குடை

கண்ணுகளா, "முகில்வண்ணா" என்று உருகி உருகிப் பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மழைமுகிலை அண்ணாந்து பார்த்ததே இல்லை. அதில் முதல் ஆள் எங்கள் ஊர்க் கண்ணன் கோயில் கமிட்டித் தலைவர்.

கோயிலின் வெளிச்சுவரில் கண்ணனை வரைய ஒரு பெயிண்டர் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். பிடித்துவிட்டால் உள்மண்டபம் முழுக்க அவளுக்குத்தான் என்று பேச்சு. கடைப்பலகை எழுதியே கை காய்த்துப்போனவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! தார்ப்பாய் கட்டிக்கொண்டு, மழை விட்ட நேரமெல்லாம் ஏணியில் நின்றாள். மேகம் ஒரே நிறமா என்ன? நனைந்த கற்பலகை, கனிந்த நாவல், விளிம்பில் துளி செம்பு. அத்தனையும் எனாமலில் குழைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

தலைவர் பார்த்தார். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா இது, அடுப்புக்கரியாட்டம்?"

"மேகநிறம்னுதானே ஐயா சொன்னீங்க?"

"அதுக்காக இவ்வளவு கருப்பா? நாலு பேர் வந்து பாக்கறது. கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?"

"அப்ப மேகத்துக்கிட்ட சொல்லுங்க ஐயா, பவுடர் போட்டுக்கிட்டு வரச்சொல்லி."

பக்கத்தில் நின்ற தலைவரின் மனைவி குபுக்கென்று சிரித்துவிட்டாள். அதுதான் வினை.

"மச்சான்!" என்று மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார் தலைவர். "அந்த வெளிர்நீல டிஸ்டம்பரை எடுத்துட்டு வா. நாமளே அடிச்சிடலாம்."

"ஐயா, எனாமல் வழவழன்னு இருக்கு. அதுமேல டிஸ்டம்பர் நிக்காது. தண்ணி பட்டா வழிஞ்சிடும்."

"எனக்கே பாடமா? உள்மண்டபத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம். நீ கெளம்பு."

மறுநாள் காலை திறப்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் தலைவர் தார்ப்பாயை இழுத்தார். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி, வெளிறிப்போய் நின்றார் சாமி. ஏணியை எடுத்துப்போக வந்திருந்த அக்கா கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது பிடித்தது பாருங்கள் மழை!

நெற்றி கரைந்தது. கன்னம் கரைந்தது. வெளிர்நீலமெல்லாம் தலைவரின் சட்டையில் இறங்க, உள்ளேயிருந்து கருகருவென்று கண்ணன் எழுந்து வந்தான். ஜனங்கள் கைகூப்பிவிட்டார்கள்.

தலைவர் என்ன செய்தார் தெரியுமா? குடையை விரித்துச் சுவரோடு அணைத்துப் பிடித்தார்! இடுப்புக்குக் கீழேயாவது வெளுப்பாக மிஞ்சட்டுமாம்.

"ஏங்க," என்றாள் அவர் மனைவி, "மழைமேகத்துக்கே மழை படாம குடை பிடிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

கூட்டத்தில் ஒரு பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். "ஏம்மா, உள்மண்டபம் எப்ப ஆரம்பிக்கறே?"

"அவரைத்தான் கேக்கணும்."

எல்லாத் தலையும் தலைவர் பக்கம் திரும்பியது. முழங்கை வரை நீலம் வழிய நின்ற மனிதர், "நாளைக்கே வரட்டும்" என்று முனகினார். புத்தி வந்து சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. குடை பிடித்துக் கை கடுத்துப்போச்சு, அவ்வளவுதான்.