டயருக்குத் தண்ணீர்

எங்கள் ராணுவக் கான்வாயில் முதல் லாரி என்னுடையது. முதல் லாரி நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்க வேண்டும். என் வயிற்றுக்கு இந்தச் சட்டம் தெரியாது. பெருங்குடலில் புண் என்று வெளியூர் டாக்டர் ஒருவர் ரகசியமாகப் பார்த்துச் சொன்னார். வந்தால் போகாது, அடக்கித்தான் வைக்கலாம் என்றார். அடக்க முடிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

அதனால் டயரைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். மலைப்பாதையில் வயிறு முறுக்கும்போதெல்லாம் லாரியை ஓரங்கட்டி, கையை வெளியே நீட்டிச் சுழற்றுவேன். டயர் செக் என்று அர்த்தம். எல்லா டிரைவர்களும் இறங்கி அவரவர் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் தண்ணீர் கேனோடு பாறைக்குப் பின்னால் போய்விடுவேன். திரும்பி வந்ததும் ஏதாவது ஒரு டயரை உதைத்து, காற்று குறைச்சல் என்று யாரையாவது திட்டுவேன். திட்டு வாங்கியவன் பாவம், அவன் டயர் கல் மாதிரி இருக்கும். கூத்து என்னவென்றால், டயர் வெடிக்காத பிரிவு என்று எங்களுக்குப் பாராட்டு வேறு கிடைத்தது. மேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். பூமி அப்போதே என்னை விழுங்கியிருக்கலாம்.

கடைசியில் உடம்பே காட்டிக்கொடுத்தது. ரத்தம் குறைந்துபோய் அணிவகுப்பில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். மெடிக்கல் போர்டு வைத்தார்கள். நோய் என் வேலையைத் தொடவில்லை என்று தெரிந்தால் லாரியிலேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனைவியிடமே வெறும் அல்சர் என்றுதான் சொல்லியிருந்தேன். 'எங்க மாப்பிள்ளை மிலிட்டரி' என்று மார்தட்டுகிற மாமனாரிடம், வயிற்றுப்போக்குக்காக அனுப்பிவிட்டார்கள் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? குண்டடி பட்டவன் நிமிர்ந்து நடக்கலாம். நான்?

என் உதவி டிரைவர் மொட்டையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது தலை நிறைய முடி. சேர்ந்த நாளில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. டயர் பார்க்க மட்டும்தான் நின்றோம் என்று சொல்லிவிடு என்று முந்தின நாளே அவனிடம் கெஞ்சினேன். என் கீழே வேலை செய்கிறவனிடம் கெஞ்சுவதற்கு எனக்கே கூசியது. கவலையே படாதீர்கள் என்றான். எனக்கு அப்போதுதான் கவலை பிடித்துக்கொண்டது.

போர்டில் மூன்று டாக்டர்கள். தலைவராக ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொட்டை விறைப்பாக நின்று, கேட்டதற்கு மேலேயே கொட்டினான். சார் மாதிரி டயரைக் கவனிக்கிற ஆள் கிடையாது, மழை வெயில் பார்க்க மாட்டார், தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் முடித்துவிட்டுத்தான் ஏறுவார் என்றான்.

அந்த அம்மா தலை நிமிர்ந்தார்.

"டயர் பாக்க தண்ணி எதுக்கு?"

மொட்டை அசரவில்லை. "டயர் சூடாயிடும் மேடம். ஊத்தி ஆத்துவார்."

ஓரத்து டாக்டர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. மொட்டை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் வேர்வை வழிந்தது. இன்னொரு கேள்வி வந்தால் இன்னொரு பொய் சொல்வான். மாட்டினால் அவன் வேலையும் போகும். எனக்காக ஒருத்தன் கோமாளி ஆகிக்கொண்டிருக்க, கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"தண்ணி டயருக்கு இல்ல மேடம்," என்றேன். "எனக்கு."

அதற்கு மேல் பேச அதிகமில்லை. அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, எவ்வளவு காலமாக என்று கேட்டார். சொன்னேன். பணி ஓய்வு என்று முடிவாயிற்று. அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "இதையா மறைச்சீங்க? அதுவும் எங்கிட்ட?" என்றாள்.

கிளம்பும் நாளில் கான்வாய் ரயில் நிலையம் வழியாகப் போனது. முதல் லாரியை மொட்டை ஓட்டினான். நான் பக்கத்தில், சாதாரணச் சட்டையில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான பாறை வந்ததும் அவனாகவே ஓரங்கட்டினான். கையை வெளியே நீட்டிச் சுழற்றிவிட்டு, தண்ணீர் கேனை என் பக்கம் நகர்த்தினான்.

"டயர் பாத்துட்டு வரேண்ணே. நீங்க நிதானமா வாங்க."

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். அத்தனை பேரும் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் தலையைத் திருப்பவில்லை. எப்போதுமே இப்படித்தான் நின்றிருக்கிறார்கள். என் அதிர்ஷ்டம், யாரும் பார்க்கவில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, கல் மாதிரி இருந்த டயருக்குக் காற்றும் அடித்திருக்கிறார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு என் வயிறு சும்மாதான் இருந்தது. ஆனால் அவர்கள் முதுகைக் காட்டியபடி காத்திருந்தார்கள். கேனோடு இறங்கினேன். பாறைப் பக்கம் போகவில்லை. குனிந்து, முன் டயரின் மேல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன்.