ஐந்து பெட்டிகளில் ஒரு பெண்

2006 மார்ச். கல்யாணப் பேச்சுக்காக என் மகள் வினோஜாவின் படம் வெள்ளிக்கிழமைக்குள் ரொறொன்ரோவுக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கணக்காளர்; அவளுக்கும் சம்மதம். யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோக்காரர் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடாமல் எங்கள் பெண்களின் கல்யாணம் பேசும் படம் எதுவும் வெளியே போனதில்லை. அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையைப்போல அதுவும் ஒரு மரியாதை.

நாங்கள் இப்போது குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அப்படி ஒரு ஸ்டூடியோ எனக்குத் தெரியாது. ஆனால் வினோஜாவோடு வரைகலை படிக்கும் யோசெப்பின் அன்று கணினியோடு எங்கள் வீட்டில் இருந்தாள். ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள். கமராவை அவளிடம் நீட்டி, அதில் இருந்த வினோஜாவின் படத்தை இரண்டு படி வெளுப்பாக்கித் தரும்படி ஆங்கிலத்தில் கேட்டேன்.

வினோஜா தலையில் கைவைத்தாள். "ஐயோ அப்பா, ஆரிட்டைப் போய் என்ன கேக்கிறியள்!"

"கேட்டால் என்ன? தெரிஞ்ச பிள்ளைதானே."

யோசெப்பின் கோபிக்கவில்லை. "இரண்டு படியா, ஐந்து படியா?" என்று சிரித்தபடி கணினியை என் பக்கம் திருப்பினாள்.

படிக்கும் இடத்துக் கண்காட்சிக்கு அவள் செய்த ஐந்து சுவரொட்டிகள். முடியை நேராக்கும் பசையின் பெட்டிகளைப் பெரிதாக்கியிருந்தாள். முதல் பெட்டியில் ஒரு கறுப்புப் பெண் மஞ்சள் தலைக்கட்டும் பெரிய வளையத் தோடுமாகச் சிரித்தாள். அடுத்ததில் தலைக்கட்டு இல்லை. மூன்றாவதில் தோடு சிறுத்து, கழுத்தில் முத்துமாலை வந்திருந்தது. ஐந்தாவதில் முடி தோளில் நேராக விழுந்தது. முகம் பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில் இருந்தது.

எனக்கு ஆவல் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். "ஐந்து பேரும் சகோதரிகளா?"

"ஒரே ஆள். என் அம்மா. படம் எடுத்தது ஒருமுறைதான். பெட்டி மாறும்போதெல்லாம் நிறுவனம் அவரையும் மாற்றியது."

"அம்மா என்ன சொன்னார்?"

"முதல் பெட்டியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ஐந்தாவதை மருந்துக்கடையில் எடுத்து, இது நான்தான் என்றார். காசாளர் பெட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்."

மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, படத்தையும் என் மகளையும் அப்படி மாறி மாறிப் பார்ப்பதை நினைத்தேன். என் வீட்டுக்குள்ளேயே என் பிள்ளை யாரென்று ஒருத்தி சந்தேகப்படுவதா?

"உள்ளபடியே அச்சடி," என்றேன்.

அன்று பின்னேரம் தரகர் புஷ்பராணிக்குத் தொலைபேசி எடுத்தேன். "படம் வருது. பிள்ளை என்னைப்போலைக் கறுப்பு. முதலே சொல்லிப்போடும்."

"அண்ணை, அவை வெள்ளைப் பிள்ளை எண்டெல்லோ கேட்டவை. படத்திலை கொஞ்சம்..."

"படத்திலை ஒருத்தரும் கைவைக்கேல்லை. விருப்பமெண்டால் வரட்டும்."

அவர்கள் வரவில்லை. மூன்றாம் வாரம் படம் தபாலில் திரும்பி வந்தது. மூலை மடங்காமல் அட்டை வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த அளவுக்கு ஒழுங்கானவர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்.

வினோஜா படத்தை வாங்கிப் பார்த்தாள். "இன்னொரு உறை வாங்கவோ அப்பா?"

"ஓம், வாங்கு," என்றேன். அடுத்த இடத்துக்கும் அதே படம்தான் போனது.