சூட்டான் வீட்டு விருந்தாளிகள்

பனியன் கழலமாட்டேன் என்றது. அப்பாவின் கை இரண்டும் விறைத்துப்போயிருந்தன. தலை வழியாக இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போன ஜெயபாண்டி மாமா, "ஏத்தா நதியா, கத்திரி இருந்தாக் குடு" என்று திரும்பாமலே கையை நீட்டினார்.

நதியா தன் வேலைப் பையிலிருந்து டிரிம்மரை எடுத்துக் கொடுத்தாள். கம்பெனியில் செக்கிங் மேசையில் பிசிறு நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி அது. மாமா கழுத்தில் ஆரம்பித்துக் கீழே வெட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சில் அச்சடித்திருந்த சிவந்த அரக்க முகம் இரண்டாகப் பிளந்து, கொம்புகள் பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தன.

"கருமம், கடைசியாப் போட்டுக்கிட்டுப் போனதப் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு மாமா அதைச் சாக்கடையோரம் எறிந்தார்.

அப்பா வீரணன் பிரிண்டிங் பட்டறையில் பனியன்மேல் சாயத்தை ரப்பர் கட்டையால் இழுத்துப் படம் அச்சடிக்கிறவர். ஜப்பான் ஆர்டருக்கு அடித்தபோது கொம்பின் சிவப்பு கோடு தாண்டி வழிந்துபோனதால் கழித்துப்போட்ட பீஸ் அது. ஆசையாகக் கேட்டு வாங்கி வந்தார். அந்த அரக்கன் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். ஆர்டர் கொண்டுவந்த பையன் சொன்ன ஜப்பான் கதையைக் குடித்த நாளெல்லாம் வீட்டில் சொல்வார். ஷூட்டென் தோஜி என்கிற பெயர் வாயில் நுழையாததால் சூட்டான் என்றே வைத்துக்கொண்டார்.

"பெரிய குடிகாரன் தாயி. மலைமேல கோட்டை கட்டி, ஊருப் பொம்பளப் பிள்ளைகளத் தூக்கிட்டுப் போயி அடைச்சு வச்சிருவான். ஒரு பய கிட்டப் போக முடியல. ராசாவோட ஆளுக ஆறு பேரு சாமியார் வேசம் கட்டிப் போனானுக. வாங்க சாமின்னு உக்கார வச்சுச் சோறு போட்டான் பாத்துக்க. அவனுக கொண்டுபோன சரக்க முதல்ல அவனுகளே ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டுனானுக. மனுசன் குடிச்சா ஒண்ணும் செய்யாது, அரக்கன் குடிச்சா வெசம். அப்படிச் சரக்கு. இவன் நம்பிக் குடிச்சான். சாஞ்சுட்டான். தலைய வெட்டிட்டானுக. வெட்டுன தலை பறந்து போயிக் கேட்டுச்சாம், அரக்கன் நானே இப்பிடிப் பொய் சொன்னதில்லையேடா, நீங்க மனுசங்களாடான்னு."

இந்த இடத்தில் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நல்ல கூத்து! எங்கேயோ இருக்கிற அரக்கனுக்காக அழுகிற மனுஷன், போன மாதம் போதையில் அம்மாவின் மணிக்கட்டை முறுக்கினாரே, அதற்கு அழவில்லை. விடிந்தால் நினைவே இல்லை. அம்மா வெள்ளையம்மாளின் கையில் இன்னும் கட்டு இருந்தது.

அந்தக் கட்டைப் பார்த்த பிறகுதான் நதியா பொடி வாங்கினாள். டவுன் பஸ்ஸில் ஒட்டியிருந்தார்களே, 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று, அந்தப் பொடிதான். குடிக்காதவர்களை ஒன்றும் செய்யாது, குடித்தால் குமட்டும், நாளடைவில் வெறுத்துப்போகும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதான். காலை டீயில் கலந்தாள்.

"என்ன தாயி, டீ ஒரு மாதிரி கசக்குது?"

"டிக்காசன் கூடிப்போச்சுப்பா."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று அடிவரைக்கும் உறிஞ்சிக் குடித்தார்.

நேற்று சம்பள நாள். சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவர் வாசற்படி ஏறவில்லை. முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. குடிகாரன் நெஞ்சடைத்துச் செத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். டாக்டரும் வேறெதுவும் கேட்கவில்லை.

பொடிதான் காரணம் என்று நதியாவுக்குத் தெரியும். பாடையைத் தூக்குவதற்கு முன்னால் அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அந்த வாயில் வாய்க்கரிசி போட அவளால் முடியாது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அம்மா அலறுவாள், மாமா காதில் விழும், போலீஸ் வரும், அப்பாவை அறுப்பார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அம்மா இனிமேல் தன் முகத்தில் முழிப்பாளா? காலையிலிருந்து மூன்று தடவை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கார ஜானகியம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கண்ணு, இப்பிடித் தவிக்கிறே? நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலையே. அப்பன எடுத்ததும் எங்கூட்டுலருந்து டீ கொண்டாறேன். ஆத்தாளும் மகளும் குடிச்சே ஆகோணும்."

டீ என்றதும் நதியா தோளை விடுவித்துக்கொண்டு நகர்ந்தாள்.

குளிப்பாட்டி முடித்து, கோடித் துணி போர்த்தி, பாடையில் கிடத்தினார்கள். "வாய்க்கரிசி எடுத்தாங்க, நேரமாச்சு" என்று மாமா குரல் கொடுத்தார். நதியா சமையல்கட்டுக்குப் போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள். அரிசி அடியில்தான் கிடந்தது. துழாவிய விரலில் காகிதம் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

அவள் வாங்கின அதே பொட்டலம். அதே பாட்டில் படம், அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. முக்கால்வாசி காலி.

தன்னுடையது பரண்மேல் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? எட்டித் தடவிப் பார்த்தாள். இருந்தது.

"அரிசி எடுக்க இம்புட்டு நேரமாடீ" என்று வந்த அம்மா, அவள் கையைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு கதவை மெல்லச் சாத்தினாள். 

"குணமாகட்டும்னுதான்டீ வாங்குனேன். ராத்திரி ரசத்துல தினம் ஒரு சிட்டிகை. நாம மூணு பேரும்தான் சாப்பிட்டோம், உனக்கும் எனக்கும் ஒண்ணும் பண்ணலையே. சத்தியமா ஒரு சிட்டிகைக்கு மேல போடலடீ. ஒரு சிட்டிகைக்கெல்லாமா மனுசன் செத்துப்போவான்?"

 ஐயோ, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. இப்போது வாயை மூடிக்கொண்டால் பழி முழுவதும் அம்மா தலையோடு போய்விடும். தான் தப்பித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

கையை உயர்த்தி டப்பாவுக்குப் பின்னாலிருந்து தன் பொட்டலத்தை எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"டீயிலம்மா" என்றாள்.

அம்மா இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அலறவில்லை. அடிக்கவும் இல்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டது. வெளியே மாமா கதவைத் தட்டினார். அம்மா இரண்டையும் இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடினாள். கட்டுப்போட்ட கையால் அரிசியை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

முதலில் அம்மா போட்டாள். அப்புறம் நதியா. அப்பாவின் உதட்டு ஓரத்தில் நின்ற ஒரு அரிசியை விரலால் உள்ளே தள்ளினாள். சுற்றி நின்றவர்கள் மாரடித்து அழுதார்கள். இவர்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா, கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. அந்த ஆளுகிட்டப் பட்டது அப்பிடி" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பாடை சந்து முனை திரும்பியதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நதியா குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்ற, அம்மா ஒற்றைக் கையால் விளக்குமாற்றைத் தள்ளினாள். சாக்கடைக்கு வந்ததும் குனிந்து இடுப்பிலிருந்ததைப் பிரித்துக் கொட்டினாள். வெள்ளையாய்க் கலங்கின தண்ணீர், அங்கே கிடந்த பனியனின் இரண்டு பாதி முகத்தையும் நனைத்துக்கொண்டு போனது.

ஜானகியம்மாள் சொன்னபடியே தூக்குப்போசியில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்க சாமி" என்று சொல்லிப் போனாள். அம்மா டம்ளர்களை எடுத்தாள். முதலில் கைக்கு வந்தது அப்பாவுடையது. அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு இரண்டில் ஊற்றினாள். ஒன்றை நதியா பக்கம் நகர்த்தினாள்.

நதியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை போகவில்லை.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதே டம்ளரை எடுத்து, முதலில் தான் ஒரு மடக்குக் குடித்தாள். குடித்துவிட்டு மகளிடம் நீட்டினாள்.

"குடி."

நதியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை.