மூன்றாம் பீப்பாயின் வாய்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு. நேற்றைய பதிவில் ஒரு சிறு பிழை. மூன்றாம் பீப்பாய் விஸ்கியைக் குடித்தவர்கள் எல்லோரும் பாடினார்கள் என்று எழுதிவிட்டேன். பாடவில்லை, ஏசினார்கள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பீப்பாய்க்குக் காவல் இருந்த ராக்காயியின் குரலில், தண்ணீர்க் குழாய் கேட்டு ஏசினார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று மாலை எழுத்து வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு வரிசை தவறிவிடுகிறது. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

டயகமப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, பிரதாபன் குத்தகைக்கு எடுத்தார். அவர் ஹட்டன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதனின் மகன். விஸ்கி வடிக்க வெளிநாட்டில் படித்து வந்தவர். கொழுந்து வாட்டிய மேல்மாடியில் ரை மூட்டைகளை அடுக்கினார். ரை, கோதுமைக்கு உறவுக்காரத் தானியம். ஒல்லியாக, சாம்பல் நிறத்தில் இருக்கும், வேகவைத்தால் பசைபோல ஒட்டும். கொழுந்து உருட்டிய இடத்தில் செப்புப் பானை ஏறியது, அதற்குத் தீப்போட என்னை வைத்தார். வடித்தது மூன்று சிறிய பீப்பாய்களுக்குத்தான் காணும். கொஞ்சமாக வடித்தால்தான் சரக்குக்கு என்று ஒரு குணம் வரும் என்றார். பீப்பாய்களுக்குக் காவலாக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ராக்காயியை வைத்தார். மதுவைக் கையாலும் தொடமாட்டார் என்று தோட்டமே சத்தியம் செய்யக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அவருடைய கணவர் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தைக் குடித்தே செத்தவர்.

ராக்காயிதான் அந்த லயத்துக்கு வாய். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ வெட்டினால், ராக்காயி வாயைத் திறப்பார், இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிடும். காவல் வேலைக்கு வந்த பிறகு அவர் குளிருக்கு மூன்றாம் பீப்பாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு வருடமும் அதையே ஏசினார். "ஒன்னாலதானே எங்க வீட்டுக்காரரு போனாரு? இங்க வந்து கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கியா?" என்பதுதான் தொடக்கம், மற்றதை எழுத இந்தக் கொப்பி போதாது. பீப்பாய் மரம் வெயிலுக்கு விரியும், பனிக்குச் சுருங்கும், விரியும்போது பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். யன்னலோரம் இருந்த முதல் பீப்பாய் யூக்கலிப்டஸ் வாசத்தை உறிஞ்சியது. சுவரோரம் இருந்த இரண்டாவது, பழைய தேயிலைத் தூசியை. மூன்றாவது ராக்காயியை உறிஞ்சியது.

இது உடனே யாருக்கும் தெரியவில்லை. ராக்காயி கொஞ்சம் கொஞ்சமாகச் சாந்தமானார். காவல் இல்லாத ஒரு நாளில் கொழுந்து எடுக்கப் போனவரிடம் கணக்கப்பிள்ளை வினோஜன் வழக்கம்போல இரண்டு கிலோ வெட்டினார். "சரி தம்பி, ஈரந்தானே," என்றார் ராக்காயி. வினோஜன் பயந்துபோய்க் காய்ச்சல் மாத்திரை வாங்கி அனுப்பினார்.

அதே சமயத்தில்தான் ராக்காயியின் மகள் கேஷிகா, ஏழு மாத வயிற்றோடு, மேல் ஊற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்கி வரும்போது சரிவில் வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பிறப்பதற்குள் குழாய் வந்தாக வேண்டும் என்று லயம் முடிவு செய்தது. தொட்டியிலிருந்து லயத்துக்குக் குழாய் கேட்டுப் பல வருடமாகிறது. ராக்காயி ஆபீசுக்குப் போனால் முடிந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் போனார். தோட்டத்து நிர்வாகியான தொரையிடம், "ஒங்களுக்கு நேரம் இருக்கும்போது பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பீப்பாய்களைத் திறந்த வாரம் பிரதாபன் பங்களாவுக்குச் சரக்கை எடுத்துப்போனார். தொரைக்குத் தமிழில் 'சரி', 'போ' என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். மூன்றாம் பீப்பாயில் முதல் வாய் கித்துள் பாணிபோல இனித்தது. இரண்டாவது, தொண்டைக்குப் பின்னால் மிளகாக ஏறியது. மூன்றாவதில் ரொட்டியின் கருகிய ஓரம் தெரிந்தது. நான்காவது வாயில் தொரை எழுந்து, இடுப்பில் கைவைத்து, நிலைக்கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்தார். "ஒன் பங்களா நாயி சுடுதண்ணியில குளிக்குது. எங்க புள்ள வயித்தையும் தூக்கிக்கிட்டு வாளியையும் தூக்குது. ஒரு கொழா இழுக்க ஒனக்கு மனசு வரலயா? நீ என்னா மனுசன்?" என்றார். பிறகு அதே ராக்காயி குரலில், குழாய் வேலை பார்க்கும் பழனியாண்டியைக் கூப்பிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் போடச் சொன்னார்.

விடிந்ததும் கட்டளையை இரத்துச் செய்தார். போட்டதைப் பிடுங்கச் சொல்ல மட்டும் வெட்கமாக இருந்தது. மாலையில் முதல் மூன்று வாய்க்காக மறுபடி வாங்கிக் குடித்தார், நான்காவதில் மறுபடி ஏசினார். பழனியாண்டி தினமும் ஸ்பேனரோடு பங்களாக் குசினியில் காத்திருந்து, ஏச்சு முடிந்ததும் ஒரே ஒரு குழாய்த் துண்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். குழாய் ஒவ்வொரு நாளும் லயத்தை நோக்கி இறங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஹோட்டல்காரர்கள் சுவையைப் புகழ்ந்தார்கள், குழாய் விஷயமாக பிரதாபனை ஏசினார்கள், தங்களில் யாரும் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை என்பதால் வாங்காமல் போனார்கள்.

பீப்பாயில் ஒரு கிளாஸ் மிஞ்சியபோது குழாய் சரிவின் தலையில் நின்றது. கேஷிகா விழுந்த இடம் அதற்குக் கீழேதான் இருந்தது. அவளுக்கு மாதமும் நிறைந்திருந்தது.

"தொரைக்கு ஊத்துனா இன்னொரு கொழாதான் வரும். சரிவுக்கு அஞ்சு வேணுமே," என்றார் பழனியாண்டி.

"அம்மா குடிக்கட்டும். வாய் திரும்பி வந்தா மிச்சத்த அதுவே வாங்கிக்கும்," என்றாள் கேஷிகா.

"குடிச்சிட்டு ஏசுனா எவன் மதிப்பான்? ஒங்கப்பனும் அப்பிடித்தானே ஏசுனாரு," என்றார் ராக்காயி, கோபமில்லாமல்.

பிரதாபன், தன் இரண்டு வருட உழைப்பு அந்தக் கிளாசில் இருப்பதால், தனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று மெதுவாகச் சொன்னார். "இருக்குங்க ஐயா, வாசன புடிச்சுக்கங்க," என்று கிளாசை அவர் மூக்கருகே ஒருமுறை காட்டிவிட்டு, ராக்காயி அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். எல்லோரும் பின்னால் போனார்கள். அவர் தொட்டியின் மூடியைத் தள்ளி, கிளாசை அதில் கவிழ்த்தார். "நான் ஒருத்தி எத்தன வருசத்துக்கு ஏசுறது," என்றார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது, லயத்தார் ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்பதற்குப் பதிலாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழாய் எங்கே என்று கேட்டார்கள். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத அம்மாக்கண்ணு கேட்டது மட்டும் கால் மணி நேரம் எடுத்தது. தொரை அன்று ஒன்றும் குடித்திருக்கவில்லை. "சரி," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு பழனியாண்டியைப் பார்த்து, "போ," என்றார். ஐந்து குழாயும் மாலைக்குள் இறங்கின.

மூன்றாம் நாள் கேஷிகாவுக்குப் பெண் பிறந்தது. குழாயில் தண்ணீர் பிடித்துத்தான் குளிப்பாட்டினார்கள். குழந்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பிறந்தது. எடை சரியாக இருக்கிறது என்று மருத்துவமாது எழுதிக்கொண்டார். வினோஜன் இப்போது கொழுந்தில் ஈரம் பார்ப்பதில்லை. ராக்காயிக்கும் மற்றவர்களைப்போலத் தன் வாயில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அது போதும் என்கிறார்.

நாளைய வேலை: இரண்டாம் வடிப்புக்கு ரை ஊறவைக்க வேண்டும். தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்து.