பள்ளத்தில் நட்ட முள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் ராகவேந்திரா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கத்துற சார்' என்றால் கேன்டீன் வரை தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று செய்முறைத் தேர்வு. வெளித் தேர்வாளராக நாகப்பட்டினத்திலிருந்து மாளவிகா மேடம் வந்திருந்தார். மேசைகளில் பத்து மாதிரிகள். பார்த்து, பெயரும் அடையாளக் கூறுகளும் எழுத வேண்டும். ஏழாவது, கடல் முள்ளெலி. டயடீமா இனம். கையளவு ஓடு, அதைச் சுற்றி நீளநீளமாகக் கருப்பு முட்கள். சுற்றிலும் வயலாக இருக்கும் ஊரில் எங்களிடம் இருந்த ஒரே கடல் முள்ளெலி அதுதான்.

என் கவலையெல்லாம் நுஸைபா. கூத்தாநல்லூர்ப் பெண். போன வருடம் இதே தேர்வில், 'இந்த நண்டின் ஒரு கால் அதனுடையது இல்லை' என்று எழுதிவிட்டு என்னோடு வாதாடினாள். நான் கத்தி, அந்த விடைக்கு முட்டை போட்டேன். ஒரு மதிப்பெண்ணில் தவறினாள். இந்த முறையும் தவறினால் மேல்படிப்புக்குக் கிடைத்த இடம் போய்விடும்.

தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியே காத்திருந்தார்கள். மாளவிகா மேடம் விடைத்தாள்களோடு ஏழாவது மேசைக்குப் போனார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு முள்ளை ஒடித்தார். எனக்குச் சுரீர் என்றது.

"சார், டயடீமா முள்ளு உள்ள குழலா இருக்கும். இது கட்டையா இருக்கே?"

"பழசு மேடம்..."

"முள்ளு எப்பவும் ஓட்டுல இருக்கற குமிழ் மேலதான் உக்காரும். இங்க குமிழை விட்டுட்டுப் பள்ளத்துல நட்டிருக்கு. அதுவும் கயிறு பிடிச்சு நட்ட மாதிரி!"

பின்னால் ஓர் இருமல். ஆய்வக உதவியாளர் பக்கீர் முகம்மது. கல்லூரி விட்டால் அவருக்கு மூன்று மா நெல்வயல்தான் உலகம்.

"அது வந்துங்க... மே லீவுல அலமாரி தொடைக்கறப்ப விழுந்துடுச்சு. முள்ளு பூரா பொடிப்பொடியாப் போச்சு. வேலியில கருவேல முள்ளு வெட்டி, தலைக்குப் போடுற டையில முக்கி எடுத்தேன். மேட்டுல நட்டா நிக்கலைங்க. பள்ளத்துலதான் நின்னுச்சு. நமக்குத் தெரிஞ்சது நடவுதானே."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"இதுக்குத்தாங்க சொல்லலை."

ஒரு வருடமாக நான் அந்த வேலி முள்ளைத் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மாளவிகா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். நுஸைபாவுடையது. 'ஓடு டயடீமா. முட்கள் குமிழ்களின் மேல் இல்லை. இவை கருவேல முட்கள்' என்று எழுதி, அடித்திருந்தாள். கீழே அழகான கையெழுத்தில் புத்தக வரி: 'நீண்ட, உள்ளீடற்ற முட்கள்.'

"மத்தவங்க எப்படியும் தேறிடுவாங்க. இந்தப் பொண்ணுக்கு இந்த ரெண்டு மார்க் இல்லேன்னா ஃபெயில். அடிச்ச விடைக்கு மார்க் கிடையாதே சார்."

நுஸைபாவைக் கூப்பிட்டார். "சரியாத்தானே எழுதியிருக்கே, ஏம்மா அடிச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் ஒட்டுனதுக்கும் பாப்பா அடிச்சதுக்கும் ஒரே காரணம்தாங்க மேடம்" என்றார் பக்கீர் முகம்மது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் பெருமைப்பட்டதற்கும் சேர்த்து வெட்கம். பேனாவை எடுத்துப் புத்தக வரியை நானே அடித்தேன். மேலே, அவள் அடித்த வரிக்குப் பக்கத்தில் 'இதுவே சரியான விடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடமும் போட்டார்.

"கோவமா சார்?" என்றாள் நுஸைபா.

"ஆமா. உன் மேல இல்லை."

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப... அந்த நண்டு, சார்?"

கோபம் மூக்கு வரை வந்தது. விழுங்கினேன். "பாய், அந்த நண்டை எடுத்துட்டு வாங்க."

பக்கீர் முகம்மது நகரவில்லை.

"கத்த மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேங்க" என்றார்.