வில்லியின் காதில் விழுந்த வசனம்

ரெபேக்கா என்ற பேரைக் கேட்டாலே மெக்சிகோ நகரத்துக்கு வயிறு எரியும். ‘நீலச் சீருடை’ தொடரில் அவள் செய்யாத அக்கிரமம் இல்லை. தோழியின் காதல் கடிதத்தைத் திருடி வேறொருவன் பையில் வைப்பாள். கணக்கு வாத்தியார்மேல் பழி போட்டு ஊரைவிட்டே துரத்துவாள். நாற்பது அத்தியாயம் கால் விளங்காதவளாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே தள்ள வைத்துவிட்டு, கதவைச் சாத்தியதும் எழுந்து ஆடுவாள். அதோடு விட்டாளா? கண்ணாடி முன் நின்று அடுத்த சதியை ஒன்று விடாமல் உரக்கச் சொல்லுவாள். மனசுக்குள் யோசிக்கத் தெரிந்த வில்லி அந்த ஊர்த் தொடர்களில் இன்னும் பிறக்கவில்லை.

ரெபேக்காவாக நடித்த நயெலி, எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற பெண். அவளிடம் மாட்டித் தினமும் கண்ணீர் விடும் உத்தமி மிலாக்ரோஸாக நடித்தவள் ஃபபியோலா. வேடத்துக்கு வயது பதினாறு, ஆளுக்கு இருபத்தேழு. நடிப்பு என்று கேட்டால், அழத் தெரியும். குழாயைத் திருகினால் போதும்.

ஒருநாள் காலை நயெலி தலையெல்லாம் தக்காளிச் சாறோடு படப்பிடிப்புக்கு வந்தாள். சந்தையில் கள்ளிமடல் விற்கிற எவெலியா, “அந்தப் பச்சப் புள்ள மிலாக்ரோஸ விட்டுத் தொலையேண்டி” என்று தக்காளிப் பையாலேயே மொத்திவிட்டாளாம். எல்லாரும் கைதட்டினார்கள். வில்லிக்குச் சந்தையில் விழும் அடி, பதக்கம் மாதிரி.

ஃபபியோலாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அதே சந்தைக்குப் போய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எவெலியாவின் கடையை மூன்று முறை சுற்றி வந்தாள். எவெலியா நிமிர்ந்து பார்த்து, “எத்தன கிலோ வேணும்?” என்றாள்.

அதுகூடப் போகட்டும். அடுத்த தொடரின் நாயகி நயெலிதான் என்று தயாரிப்பாளர் கிரிசெல்தா முடிவு செய்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. உத்தமி நான் இருக்க, வில்லிக்கா மாலை? ஃபபியோலா அன்றே கிரிசெல்தாவின் அறைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். “மேடம், எனக்குச் சொல்லவே நாக்கு கூசுது. நயெலி குடிக்கிறா. பாவம், அவளத் திட்டாதீங்க.” கிரிசெல்தா பாதி நம்பினார். மீதிப் பாதிக்கு ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சிக்கு எங்கே போவது என்பது ஃபபியோலாவுக்குத் தெரியும். அந்தப் படப்பிடிப்பில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. ஒரே நாளில் முப்பது காட்சி எடுத்தால் எவரால் முடியும்? நடிகர்கள் காதில் பயறு அளவுக்கு ஒரு கருவி இருக்கும். பக்கத்து அறையில் தோன் எஃப்ரேன் என்ற பெரியவர் ஒலிவாங்கியின் மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு வரி வரியாகச் சொல்லுவார். அவர் சொன்னது அவர்கள் வாயில் வரும். ‘திரும்பு’ என்றால் திரும்புவார்கள், ‘அழு’ என்றால் அழுவார்கள். நூறு அத்தியாயம் ஓடிய பிறகு, காதுக்கும் வாய்க்கும் நடுவில் மூளை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை ரெபேக்காவின் கண்ணாடிக் காட்சி. விளக்கு சரியில்லை என்று எடுப்பது தள்ளிப்போனது. ஃபபியோலா அந்தச் சிறிய அறைக்குள் நுழைந்து, படப்பிடிப்பைக் காட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எஃப்ரேன் சோள மடலில் அவித்த தமாலைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, எனக்கு ஒரு சின்ன உதவி.”

“சொல்லும்மா.”

அவள் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து, காட்சி எடுக்கத் தொடங்கியாயிற்று என்று சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஃப்ரேன் அதைப் பார்த்தார். தமாலை மெல்லக் கீழே வைத்தார். அவர் கால் மிதியின்மேல் அழுந்தியது.

“அவ குடிக்கிறான்னு கிளப்பிவிட்டதே நாந்தான்” என்றாள் ஃபபியோலா.

அந்தப் பக்கம் கண்ணாடி முன் நின்ற ரெபேக்கா ஒரு புருவத்தைத் தூக்கி, நஞ்சு சொட்டச் சொட்ட, “அவ குடிக்கிறான்னு கிளப்பிவிட்டதே நாந்தான்” என்றாள்.

“ஒரு சொட்டு தொட்டதில்ல அவ. ஆனா நான் அழுதா அந்தக் கிழவி கிரிசெல்தா எதையும் நம்பும்.”

“ஒரு சொட்டு தொட்டதில்ல அவ…” ரெபேக்கா தலைமுடியைக் கோதிக்கொண்டே, கிழவியையும் விடாமல் சொல்லி முடித்தாள். கட்டுப்பாட்டு அறையில் கிரிசெல்தாவின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“நீங்க வரிய மாத்தி மாத்திச் சொல்லுங்க. அவ உளறட்டும். அப்புறம் நயெலிங்கிற பேரையே இந்த ஊர் மறந்துடும்.”

“அப்புறம் நயெலிங்கிற…” தன் பேரைத் தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் நயெலிக்கு உறைத்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணீர் வந்தது. எஃப்ரேன் ‘அழு’ என்று சொல்லவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் தன் பேச்சே எதிரொலிப்பதை ஃபபியோலா அப்போதுதான் கேட்டாள். திரும்பித் திரையைப் பார்த்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் எஃப்ரேன், தமாலை எடுத்துக்கொண்டே. “வயசாயிடுச்சு. கால் மரத்துப்போச்சு.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவள் வாயாலும் கெட்டது.

கிரிசெல்தா அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவ்வளவு நல்ல மனசு அவருக்குக் கிடையாது. பேர்களை மட்டும் மாற்றி அந்தக் காட்சியை அப்படியே ஒளிபரப்பினார். அடுத்த வாரமே கதை தலைகீழானது. கடிதம் திருடியது, வாத்தியாரைத் துரத்தியது எல்லாமே மிலாக்ரோஸ் வேலையாம். ரெபேக்கா அவள் ஆட்டிவைத்த பொம்மையாம்.

“மேடம், நான் நல்லவ வேஷம் கட்டினவ” என்று ஃபபியோலா அழுதாள்.

“தெரியும் கண்ணு. அது எடுபடல. இது பொருந்துது” என்றார் கிரிசெல்தா. அடுத்த தொடருக்கு நயெலி கையெழுத்துப் போட்டாள். ஃபபியோலாவின் மிலாக்ரோஸ் கடைசி அத்தியாயத்தில் பைத்தியம் பிடித்து மொட்டைத் தலையோடு நின்றாள்.

அது ஒளிபரப்பான மறுநாள் ஃபபியோலா சந்தைப் பக்கம் போனாள். இந்த முறை கறுப்புக் கண்ணாடியோடுதான். மூன்று சுற்று தேவைப்படவில்லை. எவெலியா எழுந்து வந்து, முழுப் பை தக்காளியை அவள் முதுகில் இறக்கினாள்.

“அம்மா, அது நான் இல்ல. வெறும் நடிப்பு” என்று கையெடுத்துக் கும்பிட்டாள் ஃபபியோலா.

எவெலியா பையை உதறிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நூத்தி நாப்பது நாளா ஒன்ன நான் பாக்குறேன். ஒனக்கு நடிக்கவே வராதேம்மா.”