எழுதப் படிக்கத் தெரியாத டேவிட்

என் புருஷனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். பேப்பரில் போட்டிருக்கிறார்கள், போட்டோவோடு. பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணின மனுஷன், கோயிலில் பதினெட்டு வருஷமாக பைபிள் வாசகம் வாசிக்கிற மனுஷன். அந்தச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினதே அவர்தான்.

டேவிட்டுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் பட்டறையில் வேலை. கிரில், கேட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பார். மிச்சமாகிற எனாமலைப் பழைய டப்பாவில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படம் வரைவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வரைவது எப்போதும் அயனம்பாக்கம் ஏரிதான், ஆனால் தண்ணீருக்கு அடியில் ஊர் இருக்கும். லேத் ஓட்டுகிற ஆண்கள், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற பெண்கள், கூட்டம் பிதுங்குகிற பஸ், எல்லாம் ஏரிக்குள்ளே. ஒருத்தர் முகம் இன்னொருத்தர் மாதிரி இருக்காது. கோவில்பதாகையில் எங்களுக்கு இரண்டே அறை. கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் அட்டைதான், கரப்பான்பூச்சிக்குக் கொண்டாட்டம். நான் திட்டாத நாள் கிடையாது.

ஒரு தடவை நாலு படத்தைக் கட்டிக்கொண்டு சிட்டிக்குள் இருக்கிற ஒரு ஆர்ட் கேலரிக்குப் போனார். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று கேட்டு, கட்டைப் பிரிக்கக்கூட விடாமல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனுஷன். சாவதற்குள் தன் படம் ஒரு நல்ல சுவரில் தொங்க வேண்டும், முன்பின் தெரியாத நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அப்புறம்தான் நிவேதிதா வந்தாள். முகப்பேரில் ஃபிளாட், ஐடி வேலை. பால்கனி கிரில் விஷயமாகப் பட்டறைக்குப் போனவள், அங்கே காயவைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். கண்காட்சி வைக்கலாம் என்றாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக் கண் கலங்கினாள். கலங்கி முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். மூலையில் அவர் சுழித்துப் போடுகிற 'அ. டேவிட்' வேண்டாமாம். பஸ் போர்டில் எழுதியிருக்கிற ஆவடி, பூந்தமல்லி எல்லாம் வேண்டாமாம்.

“எழுத்து இருந்தா சாதாரணமாயிடுதுண்ணா. கையெழுத்துக்குப் பதிலா கட்டைவிரல வைங்க. அப்பதான் பாக்குறவங்களுக்கு நீங்க யாருன்னு புரியும்.”

எங்கள் அம்மா கைநாட்டு. பேங்கில் அவள் விரலை நீட்டினால், கவுண்டரில் இருக்கிறவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மைடப்பாவைத் தள்ளுவான். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவரைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், இது உனக்குத் தேவையா, இதைவிட அந்த அட்டையெல்லாம் அடுப்பில் போடலாம் என்று கத்தினேன்.

“காலேஜ் போவாதவன்னு அப்ப தொரத்தினாங்க. பள்ளிக்கூடமே போவாதவன்னா இப்ப உள்ள உடுறாங்க. படம் மாட்னா போதும்மே எனக்கு” என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களின் மேல் கறுப்பு அடித்தார். கட்டைவிரலை எனாமலில் தோய்த்துத் தோய்த்து எல்லாப் படத்திலும் வைத்தார்.

கண்காட்சிக்கு நானும் போனேன். வெள்ளைச் சுவர், ஒவ்வொரு படத்துக்கும் தனி லைட். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை, பொய் சொல்வானேன். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் நிவேதிதாவே பதில் சொன்னாள். இவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது.

தூய ஆவியார் பெருவிழா ஞாயிறன்று முதல் வாசகத்தில் வரிசையாக வெளிதேசப் பெயர்களாக வரும். வாசிக்கிறவர்கள் எல்லாம் அந்த வாரம் நழுவிவிடுவார்கள். எங்கள் கோயிலில் வருஷா வருஷம் அது டேவிட்டுக்குத்தான். தண்ணீர் மாதிரி ஓடும் அவர் வாயில். இந்த வருஷம் அதே ஞாயிறன்று, அவர் ஜெபம் பண்ணுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று நிவேதிதா கேமராக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று இவர் உபதேசியார் பெனிட்டோவிடம் சொன்னார். பெனிட்டோவும் பேப்பர் படிக்கிறவர்தானே. வாசகப் புத்தகத்தைக் கொண்டுபோய் எங்கள் பெண் ஜெனிஷாவிடம் கொடுத்தார். பதினொன்றாவது படிக்கிறாள்.

பாதி வரைக்கும் நன்றாகத்தான் வாசித்தாள். கப்பதோக்கியா என்கிற பெயரில் மாட்டிக்கொண்டாள். உடனே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வீட்டில் அப்படித்தான் பழக்கம். அவள் பாடம் வாசிக்கும்போது எங்கே தடுக்கினாலும், இவர் பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமலே திருத்துவார். உதட்டை அசைத்திருந்தால் போதும், பிடித்துக்கொண்டிருப்பாள். கேமரா அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இவர் தலைகுனிந்துகொண்டார். அவள் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பாடல் குழுவில் யாரோ சிரித்தார்கள். எழுந்து போய் அந்தக் கேமராவை உடைக்கலாம் போல இருந்தது. நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். வாசலிலும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிஷா நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“உனக்கு அந்தப் பேரு தெரியாதாப்பா?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அவர் ஒரு தடவை நிவேதிதா பக்கம் பார்த்தார்.

“எனக்கு இன்னாம்மா தெரியும். நான் படிக்காதவன்.”

நிவேதிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேமராக்காரன்தான், அந்த நேரம் பார்த்து பைக் ஒன்று போய்விட்டது, குரல் சரியாக விழவில்லை, மறுபடி ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டான். ஜெனிஷா அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டாள். அவள் நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்து இவர் மறுபடி சொன்னார், வாசகம் வாசிக்கிற அதே கணீர்க் குரலில், ஒரு எழுத்து பிசகாமல்.